“சட்டப்படிதானே!”

திருத்தூதர்கள் பேதுருவுக்கும் பவுலுக்கும் திருச்சபை ஒரே நாளில், ஜூன் 29-இல், விழா எடுக்கின்றது. நம் பாட்டிமார் இராயப்பர், சின்னப்பர் என்று அழைத்த அவ்விருவரும் ஒரே நகரில், ஒரே நம்பிக்கைக்காக, நீரோ மன்னனின் ஆட்சியில் உயிர் நீத்தனர் என்பது மரபு. ஆயினும் அவர்களுக்கு வாய்த்த சாவு ஒரே வகையானதன்று. கலிலேயாவின் மீனவர் சிலுவையில் அறையப்பட்டார். தர்சு நகரத்துக் கூடாரத் தொழிலாளி வாளால் வெட்டுண்டார். இவ்வேறுபாட்டின் காரணத்தை அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றத்தில் தேடிப் பயனில்லை. பவுல் உரோமைக் குடிமகன். பேதுரு குடிமகன் அல்லர். குடிமகனுக்கு ஒரு நொடியில் முடியும் சாவு. மற்றவனுக்கு அணுஅணுவாய் வதைக்கும் சாவு. இதில் எந்த அதிகாரியும் சட்டத்தை மீறவில்லை. எல்லாம் சட்டப்படியே நடந்தேறின.

“எல்லாம் சட்டப்படிதானே நடக்கிறது!” என்னும் இச்சொல்லை நெய்வேலி நகரியத்தில் நாம் அடிக்கடி கேட்கிறோம். ஒரே சுரங்கத்தில், ஒரே ஷிப்டில், ஒரே புழுதியை உண்டு உழைக்கும் இருவருள் ஒருவர் நிரந்தரத் தொழிலாளியாகவும் மற்றவர் ஒப்பந்தத் தொழிலாளியாகவும் இருப்பதைக் குறித்து யாரேனும் மனம் நொந்து பேசினால், இச்சொல் உடனே எழுந்து அப்பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறது. சொல்பவர் கொடியவர் அல்லர், ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருபவர், ஏழைக்கு இரங்குபவர். அவர் மனச்சான்றை உறங்கவைக்கும் தாலாட்டாக அச்சொல் அமைந்துவிட்டது. ஆதலால், சட்டத்திற்குப் பேர்போன உரோமையையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, சட்டப்படி நடப்பது மட்டும் நீதிக்குப் போதுமா என்று கேட்டுப் பார்ப்போம்.

உரோமைக்கு உரிய புகழை நாம் மறுக்கவில்லை. கி.மு. 451–450 ஆண்டுகளில் எழுதப்பட்ட பன்னிரு பலகைச் சட்டம் பொது மன்றத்தில் எல்லாரும் காணுமாறு வைக்கப்பட்டது. அதற்குமுன் சட்டம் உயர்குடியினரின் மனத்துக்குள் மறைந்து கிடந்தது. குற்றம் சாட்டியவரை நேருக்கு நேர் சந்தித்து விடையளிக்க வாய்ப்புத் தராமல் ஒருவரைத் தண்டனைக்குக் கையளிப்பது உரோமையர் வழக்கமன்று என்று ஆளுநர் பெஸ்து கூறியதாகத் திருத்தூதர் பணிகள் நூல் காட்டுகிறது. கி.பி. 533-இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டத் தொகுப்பு ஐரோப்பா முழுவதற்கும் ஆசானாயிற்று. நம் திருச்சபைச் சட்டமும் அதனிடம் பால் குடித்து வளர்ந்ததே. இவ்வளவும் உண்மை.

ஆனால், அச்சட்டத்தின் முதற்பாடம் யாது? கி.பி. 160-ஐ ஒட்டி வாழ்ந்த காயுஸ் என்னும் சட்ட அறிஞர் மாணவர்க்கென ஒரு பாடநூல் எழுதினார். ஏட்டு மறைவில் நெடுங்காலம் கிடந்து, 1816-இல் வெரோனா நகரத்தில் கண்டெடுக்கப்பட்ட அந்நூல், மனிதரைப் பற்றிய சட்டத்தை ஒரு பிரிவினையிலிருந்தே தொடங்குகிறது: மனிதர் எல்லாரும் உரிமையர் அல்லது அடிமைகள். உரிமையருள்ளும் பிறப்பால் உரிமையர், விடுதலை பெற்றோர் என இரு வகை. விடுதலை பெற்றோருள்ளும் குடிமக்கள், இலத்தீனர், இவர்க்கும் கீழ்ப்பட்டோர் எனப் படிநிலைகள். இவற்றுள் நடுப்படியில் நின்ற இலத்தீனரின் நிலை நம் சிந்தனைக்குரியது. வாழும் நாளெல்லாம் அவர் உரிமையரைப் போல உழைத்துச் சேர்க்கலாம். கண்மூடிய அன்று அவர் சேர்த்த பொருள் பிள்ளைகளுக்குச் செல்லாது, பழைய தலைவனுக்கே திரும்பிவிடும். ஒருவன் என்ன செய்தான் என்று கேட்பதற்கு முன்னரே, அவன் எந்தப் படியைச் சேர்ந்தவன் என்று அச்சட்டம் கேட்டது.

சிசிலித் தீவை ஆண்ட வெர்ரெஸ் என்னும் ஆளுநனின் கொடுமைகளைச் சிசெரோ கி.மு. 70-இல் அம்பலப்படுத்தினார். அவற்றுள் உச்சமாக அவர் காட்டியது, காவியுஸ் என்னும் உரோமைக் குடிமகனைச் சிலுவையில் அறைந்த செயல். அச்சினம் நியாயமானதே. ஆனால் அதன் எல்லையையும் நோக்குங்கள். ஒரு மனிதனைச் சிலுவையில் அறைந்தார்களே என்று அப்பேரறிஞர் கொதிக்கவில்லை. ஒரு குடிமகனை அறைந்தார்களே என்றே கொதித்தார். அதற்கு ஓராண்டு முன்னர், ஸ்பார்த்தக்குசின் கிளர்ச்சியில் பிடிபட்ட ஆறாயிரம் அடிமைகள் கப்புவாவிலிருந்து உரோமை வரையில் நெடுஞ்சாலை ஓரமாகச் சிலுவைகளில் தொங்கினர். அது சட்டப்படி நடந்தது. ஆகவே அதைக் குறித்து வழக்கில்லை.

சுரங்க நகரில் வாழும் நமக்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. போர்த்துகல் நாட்டின் அல்யுஸ்திரேல் என்னும் ஊரில் 1876-லும் 1906-லும் இரண்டு வெண்கலப் பலகைகள் கிடைத்தன. உரோமையர் காலத்தில் விப்பாஸ்கா என்று பெயர்கொண்ட அவ்வூர் செம்பும் வெள்ளியும் தோண்டிய சுரங்கக் குடியிருப்பு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பேரரசின் அதிகாரி அதனை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கான விதிகளே அப்பலகைகளில் உள்ளன. படிக்கும்போது வியப்பு மேலிடுகிறது. பொதுக் குளியலறையில் பெண்களுக்கு இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, ஆண்களுக்கு அதன் பின்; கட்டணம் இவ்வளவு. வெந்நீர்ப் பாத்திரங்களைக் குத்தகைக்காரர் முப்பது நாளுக்கு ஒருமுறை துலக்கியாக வேண்டும். முடிதிருத்துவோர், செருப்புத் தைப்போர், துணி வெளுப்போர் ஆகியோரின் தொழில்களுக்குத் தனித்தனி உரிமம். பள்ளி ஆசிரியர்களுக்கோ கடமைகளிலிருந்து விலக்கு! இவ்வளவு ஒழுங்கான நகரியத்தை நாம் எங்கே காண்போம்?

அப்பலகைகளில் உள்ள மற்றொரு விதியையும் படிப்போம். கனிமம் திருடியவன் அடிமையானால், அவனைச் சாட்டையால் அடித்து, என்றென்றும் விலங்கிலே வைக்கப்பட வேண்டும், எந்தச் சுரங்கப் பகுதியிலும் தங்கலாகாது என்னும் நிபந்தனையோடு விற்றுவிட வேண்டும். திருடியவன் உரிமையனானால், அவன் சொத்தைப் பறிமுதல் செய்து, சுரங்க எல்லைக்குள் நுழையாதவாறு தடுத்தால் போதும். திருட்டு ஒன்றே, கனிமமும் ஒன்றே, ஒருவனுக்கு முதுகில் அடி, மற்றவனுக்குப் பெட்டியில் இழப்பு. பாத்திரத்தைத் துலக்கும் நாள் வரை எண்ணிவைத்த அந்த ஒழுங்கு, மனிதனை மட்டும் இரண்டாகப் பிளந்து வைத்தது. நகரியம் எவ்வளவு ஒழுங்காய் இருக்கிறது என்பது, அங்கு நீதி இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

இங்கே நம் ஊருக்குத் திரும்புவோம். 1956 நவம்பர் 14-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957-இல் நேரு பெருமகனார் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. வட்டம் வட்டமாக வகுத்த சாலைகள், நிழல்தரும் மரங்கள், பள்ளிகள், மருத்துவமனை எனப் பொட்டல் வெளியில் ஒரு நகரியம் எழுந்தது. 2016-இல் நிறுவனத்தின் பெயர் மாறியது. அதன் புகழ் குன்றவில்லை. அதனால் வாழ்வு பெற்ற குடும்பங்கள் நம் பங்கில் பல. அந்நன்றியை மறப்பது அறமன்று.

இங்குள்ள ஒப்பந்தத் தொழிலாளியை உரோமையின் அடிமையோடு ஒப்பிடுவதும் அறமன்று. அவர் வாக்குரிமை பெற்ற குடிமகன். அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு அவரையும் நம்மையும் சட்டத்தின்முன் சமமாக நிறுத்துகிறது. எவரும் அவரை விற்க முடியாது, அடிக்க முடியாது. இந்த வேறுபாடு பெரிது. அதனை நாம் குறைத்துப் பேசோம். நாம் ஒப்பிடுவது வேறொன்றை. ஒரே வேலையைச் செய்யும் இருவரை இரு படிகளில் நிறுத்தி, அப்படிகளை இயற்கையின் அமைப்பாகவே எண்ணிப் பழகிவிடும் மனத்தையே ஒப்பிடுகிறோம். அந்த மனம் விப்பாஸ்காவில் இருந்தது. அது மந்தாரக்குப்பத்துக்கும் வட்டங்களுக்கும் இடையேயும் இருக்கிறது.

சட்டம் கேட்கும் அன்பர்க்குச் சட்டத்தையே காட்டுவோம். ஒப்பந்தத் தொழிலாளர் முறையை ஒழுங்குபடுத்தவும் ஒழிக்கவும் 1970-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. “ஒழிப்பு” என்னும் சொல் அதன் பெயரிலேயே இருந்தது. நிறுவனம் நேரடியாக அமர்த்திய தொழிலாளி செய்யும் அதே வேலையையோ அதனை ஒத்த வேலையையோ ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் அதே ஊதியம் பெறவேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் கூறின. சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிகப் பணியாளர்க்கும் உரியது என்று 2016 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பஞ்சாப் மாநில வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. எனவே “சட்டப்படிதானே” என்று சொல்பவர், எந்தச் சட்டப்படி என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

இச்சட்டத்தின் பிற்கால வரலாறும் நமக்குப் பாடமாகும். ஒப்பந்த முறை ஒரு வேலையில் தடைசெய்யப்பட்டால், அதில் இருந்தோர் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் தொழிலாளர் ஆவர் என்று 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கூறியது. ஐந்தாண்டு கழிவதற்குள், 2001 ஆகஸ்டு 30-இல், இந்திய எஃகு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு அதனை மாற்றிவிட்டது. இப்போது 1970-ஆம் ஆண்டுச் சட்டமே இல்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற்சட்டத் தொகுப்பில் அது கரைந்துவிட்டது. பழைய சட்டம் இருபது தொழிலாளர் உள்ள இடத்தைத் தொட்டது. புதியது ஐம்பது பேர் உள்ள இடத்தைத்தான் தொடுகிறது. மையப் பணிகளில் ஒப்பந்த முறை கூடாது என்று அது கூறுகிறது. விதிவிலக்குகளையும் கூடவே அடுக்குகிறது. கதவைத் திறந்துவிட்டு, திண்ணையிலேயே உட்காரச் சொல்வது போன்றது இது.

உரோமையிலும் இதுவே நிகழ்ந்தது. கி.பி. 212-இல் கராகல்லா மன்னன் பேரரசில் வாழ்ந்த உரிமையர் ஏறத்தாழ எல்லாருக்கும் குடியுரிமை வழங்கினான். இனிப் படிகள் மறையும் என்று எவரும் எண்ணுவர். மறைந்தனவா? மேன்மக்கள், எளியோர் என்னும் வேறொரு பிரிவினை அதற்கு முன்னரே முளைத்து, அந்த நூற்றாண்டில் தடித்து நின்றது. ஒரே குற்றத்திற்கு மேன்மகன் நாடு கடத்தப்பட்டான். எளியவன் சுரங்கத்திற்கு அனுப்பப்பட்டான். ஆம், சுரங்கத்திற்கு! சுரங்க வேலையையே தண்டனையாக்கிய சட்டம் அது. பெயரளவில் எல்லாரையும் குடிமக்களாக்கிவிட்டு, கோட்டை மட்டும் வேறிடத்தில் போட்டுக்கொண்டார்கள். நம்மிடையேயும் நிரந்தரத்தார் ஒரு படி, கூட்டுறவுச் சங்கத்தின் வழி வேலை பெறுவோர் ஒரு படி, ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலிக்கு நிற்போர் ஒரு படி என்று படிகள் பெருகியிருப்பதைக் காண்பவர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை.

நமக்கு மறுமொழியாக மூன்று கூற்றுகள் எழும் என்பதை அறிவோம்.

“அவர் ஒப்பந்தத்திற்கு உடன்பட்டுத்தானே வந்தார்?” என்பது முதற்கூற்று. ஒப்பந்தம் என்றால் என்ன என்பதை நம் கடற்கரையோடு வணிகம் செய்த உரோமையரிடமே கேட்போம். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலிய மட்கலங்களின் உடைவுகள் கிடைத்தன. மேலைக்கடற்கரையின் முசிறியிலிருந்து சரக்கேற்றி வந்த கப்பலைக் குறித்து, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கடன் ஆவணம் ஒன்று வியன்னா நகரில் இன்றும் உள்ளது. சரக்கை எவர் பொறுப்பில், எந்த வழியாக, எந்தக் கிடங்கிற்குக் கொண்டுசெல்வது, கடன் திரும்பாவிடில் யாது செய்வது என்று இரு பெருஞ்செல்வர் ஒருவரோடொருவர் நிகராய் நின்று வரைந்த உடன்பாடு அது. பேரம் பேச இருவருக்கும் வலிமை இருந்தது. நாளை அடுப்பெரிய வேண்டுமே என்று வாயிலில் நிற்பவரின் கைச்சாத்தை அதற்கு நிகராக வைப்பது சொல்லை மட்டும் பார்த்துப் பொருளை விடுவதாகும். அவ்வாறு நிற்போருள் பலர், இச்சுரங்கத்திற்காக ஒரு காலத்தில் நிலம் இழந்த குடும்பத்தினர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. சொந்த மண்ணின் வாயிலில் அவர்கள் அயலாராய் நிற்கிறார்கள்.

“நிறுவனத்திற்கும் அவருக்கும் நேர்த்தொடர்பு இல்லையே, அவரை அமர்த்தியவர் ஒப்பந்தக்காரர் அன்றோ?” என்பது இரண்டாம் கூற்று. இதற்கு விடையைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981 செப்டம்பர் 14-இல் வெளியிட்ட மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில் முன்னரே அளித்துவிட்டார். தொழிலாளியோடு நேரே உடன்பாடு செய்பவர் நேரடி முதலாளி. அந்த உடன்பாட்டின் தன்மையைப் பின்னின்று வரையறுக்கும் ஆட்களும் அமைப்புகளும் மறைமுக முதலாளி. இருவருக்கும் அறப்பொறுப்பு உண்டு என்பது அவர் போதனை. இந்த மறைமுக முதலாளியின் வட்டம் நிறுவனத்தோடு நின்றுவிடுவதன்று. அதனை உடைமையாகக் கொண்ட அரசும், அதன் மின்சாரத்தில் விளக்கேற்றும் நாமும் அவ்வட்டத்தினுள் அடங்குவோம்.

“இவை தொழிற்சங்கத்தின் வேலை, கோவிலுக்கு இதில் என்ன?” என்பது மூன்றாம் கூற்று. 2020-ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஜூலை முதல் நாளிலும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்தன. மாண்டோருள் ஒப்பந்தத் தொழிலாளர் பலர். கொதிநீராவி எவரிடமும் நிரந்தரமா, ஒப்பந்தமா என்று கேட்கவில்லை. நீராவி அறியாத வேறுபாட்டை, இறந்தவனின் மனைவி நாளைய சோற்றுக்குக் கணக்குப் பார்க்கும்போது சந்திக்கிறாள். அக்கண்ணீர் கோவிலுக்குப் புறம்பானது என்று சொல்ல எந்த நற்செய்தியாளர் நமக்கு இடமளித்தார்? அடிமையின் வடிவை ஏற்று, அடிமைக்குரிய சாவை ஏற்றவரை ஆண்டவர் என்று அறிக்கையிடும் மக்கள் நாம். பிலாத்துவின் தீர்ப்பும் சட்டப்படி வழங்கப்பட்டதே!

உரோமையின் படிகளைத் திருச்சபை எவ்வாறு எதிர்கொண்டது என்பதற்குக் கலிஸ்து என்பவரின் வரலாறு போதும். அவர் அடிமையாய் இருந்தவர். சார்தீனியத் தீவின் சுரங்கங்களில் உழைக்குமாறு தண்டிக்கப்பட்டவர். கி.பி. 190-ஐ ஒட்டி, அங்கிருந்த கிறிஸ்தவர்களை விடுவிக்க வாய்ப்பு நேர்ந்தபோது, திருத்தந்தை விக்டர் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. அழுது மன்றாடியே அவர் கரையேறினார். பட்டியலில் இல்லாத அம்மனிதர்தாம் பல ஆண்டுகளுக்குப்பின் பேதுருவின் இருக்கையில் அமர்ந்தார். உரிமைக் குலத்துப் பெண் அடிமை ஒருவனோடு கொண்ட இணைப்பை அரசின் சட்டம் திருமணமாக ஏற்கவில்லை. கலிஸ்து அதனைத் திருச்சபைக்குள் உண்மைத் திருமணமாக ஏற்றார். இதனை நமக்குச் சொல்பவர், அவரை வன்மையாக எதிர்த்த இப்போலித்து. புகழ்ந்து சொல்லவில்லை, பெருங்குற்றமாகவே சாட்டுகிறார். அந்த இப்போலித்தும் கி.பி. 235-இல் அதே சார்தீனியாவுக்குக் கடத்தப்பட்டு அங்கே மடிந்தார் என்பது வரலாற்றின் விந்தை. இருவரையும் திருச்சபை புனிதராக வணங்குகிறது. ஆயினும் நடைமுறையில் அது பின்பற்றியது கலிஸ்துவின் முடிவையே.

இங்கேதான் நம் மக்களை நேருக்கு நேர் கேட்க விரும்புகிறோம். “மாப்பிள்ளை பர்மனென்டா, கான்ட்ராக்டா?” என்பது நெய்வேலித் திருமணப் பேச்சின் முதற்கேள்வியாய் இருக்கிறதே, அதனை எந்தச் சட்டம் உங்கள் வாயில் வைத்தது? பங்குப் பேரவையின் உறுப்பினர் பெயர்களைப் பாருங்கள். எத்தனை பேர் ஒப்பந்தத் தொழிலாளர்? அன்பியக் கூட்டம் அவர்தம் தகர வீட்டில் எத்தனை முறை நடந்தது? விழாவின் முதல் வரிசை நாற்காலிகள் எவருக்கு? அரசையும் நிறுவனத்தையும் நாம் ஒரு நாளில் மாற்றிவிட இயலாது. இவற்றை மாற்றுவதற்கோ எந்த நீதிமன்றமும் தேவையில்லை, எந்த அமைச்சகத்தின் ஆணையும் தேவையில்லை.

பொதுநிலையினர்க்கு வேறு கடமைகளும் உண்டு. நம்முள் சட்டம் பயின்றோர் உளர்; தொழிற்சங்கப் பொறுப்பில் இருப்போர் உளர்; அலுவலகத்தில் கணக்கெழுதுவோர் உளர். வருங்கால வைப்புநிதியும் ஈட்டுறுதியும் தம் பெயரில் முறையாகச் செலுத்தப்படுகின்றனவா என்று பார்க்கத் தெரியாத தொழிலாளிக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவது இவர்களுக்கு அரிதன்று. ஊதிய உடன்பாட்டுப் பேச்சில் ஒப்பந்தத் தொழிலாளரை விட்டுவிட்டுத் தம் பங்கை மட்டும் பெற்றுவரும் சங்கத்தில் உறுப்பினராய் இருப்பவர், அதனை அங்கே எழுந்து கேட்கலாம். பவுல் பிலிப்பி நகரில் விசாரணையின்றி அடிக்கப்பட்டபோது, தம் குடியுரிமையைச் சொல்லி, அதிகாரிகளே நேரில் வந்து தம்மையும் சீலாவையும் அழைத்துச் செல்ல வேண்டும் என்று நின்றார். தமக்கு வாய்த்த உரிமையை உடனிருந்தவர்க்கும் புகலாக்கினார். நிரந்தர வேலை என்னும் உரிமை வாய்த்தவர்க்கும் அதனை அவ்வாறு பயன்படுத்தும் கடன் உண்டு.

சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சட்டம் இல்லாத இடத்தில் முதலில் மிதிபடுபவன் ஏழையே. சட்டத்தின் முடிவிலிருந்தே நம் கடமை தொடங்குகிறது என்று மட்டுமே சொல்கிறோம். இனி ஒருவர் “சட்டப்படிதானே!” என்று சொன்னால், “யாரைக் கணக்கில் கொண்ட சட்டம், யாரை விட்ட பட்டியல்?” என்று திருப்பிக் கேளுங்கள். விடுபட்ட பெயர்களைக் கண்டறிந்து சேர்ப்பதே இந்தச் சுரங்க ஊரில் வாழும் திருச்சபைக்கு இன்று இடப்பட்டுள்ள பணி.